ஆபரேஷனுக்கு முன்னால் போட்ட ஊசி போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு. மாட்டுக் கொட்டகையைக் கழுவும்போது வழுக்கி விழுந்து இடது பக்கம் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு முதலில் நாட்டுக் கட்டுப் போட்டோம். வலி தாங்காமல் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடைந்த தொடை எலும்பின் பந்து முனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்து, சிமென்ட் போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பது நாள் ஆகிறது, வீட்டுக்கு வந்துவிட்டோம். தியேட்டரில் ஒரு ஆண்டிபயாடிக் ஊசி, அதன்பின் மறுநாள் காலைக்குள் இரண்டு. அதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு லாரி மோதி, எலும்பு வெளியே தெரியும்படி கால் உடைந்தது. ஓசூரில் ஆபரேஷன் செய்து பத்து நாளைக்கு மேல் ஊசி போட்டார்கள். காப்பீட்டு அட்டையில் செய்ததால் எங்களுக்குக் குறைத்துவிட்டார்களா? இரண்டு நாளாகக் கட்டின் மேல் ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் தெரிகிறது. மெடிக்கலில் கேட்டு 625 மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனதாக அம்மா சொல்வார். முட்டை, தயிர், கத்திரிக்காய் கொடுத்தால் சீழ் வைக்கும் என்கிறார்கள். அதுவும் உண்மையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு வட்டம்

பதில்: தம்பி, கடிதம் கிடைத்த அன்றே போனில் இரண்டு விஷயம் சொன்னேன். மாத்திரையைக் கொடுக்காதீர்கள், ஈரத்தை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றைக்கே காட்டுங்கள் என்று. நீங்களும் அன்று மாலையே அம்மாவை அழைத்துப் போய்விட்டீர்கள். அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியைக் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் தியேட்டர் வாசலில் நான் அடிக்கடி கேட்கிறேன்.

நான் எலும்பு டாக்டர் இல்லை, மயக்க டாக்டர். நீங்கள் குறைவாக இருக்கிறதென்று கவலைப்படும் அந்த முதல் ஊசி பெரும்பாலும் எங்கள் கையால்தான் போகும். ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியின் படத்தில் ஒரு வரி இருக்கிறது. செஃபசோலின் (அந்த ஆண்டிபயாடிக்கின் பெயர்) 2 கிராம், நேரம் 9.10. அதற்குக் கீழே தோலில் கத்தி வைத்த நேரம் 9.40. இந்த இரண்டு நேரங்களையும் ஒருவர் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பாதி நிம்மதி. தியேட்டருக்குள் நடப்பது இதுதான். வெள்ளைப் பவுடராக வரும் மருந்தைக் கரைத்து, கையில் போட்டிருக்கும் ஊசிக் குழாய் வழியாக மெதுவாகச் செலுத்துவோம். அதன் பிறகுதான் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, இடுப்பைக் கிருமிநாசினியால் துடைப்பது, பச்சைத் துணி போர்த்துவது எல்லாம். கத்தியை எடுப்பதற்கு முன் நர்ஸ் கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். நோயாளியின் பெயர், எந்தப் பக்கத்து இடுப்பு, அப்புறம் "ஆண்டிபயாடிக் போட்டாச்சா?" போட்ட நேரத்தைச் சொல்ல வேண்டியது நான். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கேள்வி அது. கடந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாயிற்றா என்றுதான் அது கேட்கிறது. எத்தனை நாள் கொடுக்கப்போகிறீர்கள் என்ற கேள்வியே அதில் கிடையாது.

நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? தோலை எவ்வளவு துடைத்தாலும் அதன் அடுக்குகளுக்குள், மயிர்க்கால்களுக்குள் கிருமிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. வெளியிலிருந்து வந்தவை அல்ல, அம்மாவின் தோலிலும் மூக்கிலும் காலங்காலமாகக் குடியிருப்பவை. கத்தி உள்ளே போகும்போது கொஞ்சம் கூடவே போகும். அந்த நிமிடத்தில் ரத்தத்திலும் தசையிலும் எலும்பிலும் மருந்து நிறைந்திருந்தால் அவை அங்கேயே செத்துவிடும். வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்து உறையும். உறைந்த கட்டிக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. முன்னாலேயே ரத்தத்தில் மருந்து இருந்திருந்தால் கட்டிக்குள்ளும் அது இருக்கும். பிறகு கொடுக்கிற மருந்து அதற்குள் நுழையத் திணறும்.

1961-இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழைவதற்கு முன்னால் கொடுத்ததற்கு முழுப் பலன் கிடைத்தது. நேரம் ஆக ஆகப் பலன் குறைந்து, மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாகிவிட்டது. 1992-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2847 நோயாளிகளை வைத்து இதையே பார்த்தார்கள். வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து போனவர்களில் நூற்றுக்கு 0.6 பேருக்குத்தான் காயத்தில் தொற்று வந்தது. வெட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனபின் கொடுத்தவர்களில் அது 3.3. ரொம்ப முன்கூட்டியே கொடுத்தாலும் பயனில்லை, 3.8 ஆகிவிட்டது.

சரி, ஒரு ஊசிக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் தோல் கிழியாமல் எலும்பு முறிந்த 2195 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு ஆண்டிபயாடிக் ஊசியும் இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள். 1996-இல் முடிவு வெளியானது. மருந்தில்லாத பிரிவில் 8.3 சதவீதம் பேருக்குத் தொற்று, ஒரு ஊசி போட்ட பிரிவில் 3.6. பாதிக்கும் கீழே. இதைவிடத் தெளிவான ஆதாரம் எங்கள் தொழிலில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

உங்கள் அம்மாவுக்கு மொத்தம் மூன்று ஊசி, அதாவது ஒரு நாள் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது அதைவிடக் குறைவு. ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக ஆண்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. பல எலும்பு டாக்டர்கள் 24 மணி நேரம் வரை கொடுத்து நிறுத்துகிறார்கள். இரண்டில் எது நடந்தாலும் தவறில்லை. ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ரத்தம் நிறையப் போனாலோ நடுவில் இன்னொரு டோஸ் போடுவோம். ஆக, அட்டையில் செய்ததால் குறைத்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். செஃபசோலின் ஐம்பது வருடப் பழைய மருந்து, எளிதாகக் கிடைப்பதும்கூட. அதில் மிச்சம் பிடித்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நம் பக்கத்தில் ஐந்து நாள், ஏழு நாள் ஊசி போடும் இடங்களும் இருக்கின்றன, மறைப்பானேன். அங்கிருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. சீழ் வைத்துவிட்டால் பழி தன்மேல் வருமே என்ற பயம், கூடவே "ஒரு ஊசியோட விட்டுட்டாங்களே" என்று வாசலில் நின்று கேட்கும் சொந்தக்காரர்கள். ஆனால் கூடுதல் நாட்களால் தொற்று குறைந்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. கூடுவது வேறு. வயதானவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கெட்ட வகையொன்று பெருகி, நிற்காத வயிற்றுப்போக்கு வரலாம். இடுப்பு உடைந்து படுத்திருக்கும் 74 வயதுப் பாட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வயிற்றால் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, மருந்துக்கு மசியாத கிருமிகள் தோலில் இடம் பிடித்துக்கொள்ளும்.

தெருக்காரர் விஷயத்துக்கு வருவோம். எலும்பு வெளியே தெரிந்தது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியிலேயே விடை இருக்கிறது. அவருடையது திறந்த முறிவு. தார், மண், சாணி எல்லாம் எலும்புவரை போய்விட்ட காயம் அது. அவருக்குக் கொடுத்தது வராமல் தடுப்பதற்கு மட்டும் இல்லை, உள்ளே போனதை ஒழிப்பதற்கும்தான். பல தடவை கழுவித் தைத்திருப்பார்கள். அம்மாவுக்குத் தோல் கிழியவில்லை. எலும்பு உடைந்தது உள்ளே, சுத்தமான இடத்தில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சிமென்ட் என்றதும் வீடு கட்டுகிற சிமென்டோ என்று கேட்டவர்கள் உண்டு. அது ஒருவகை அக்ரிலிக் பசை. எலும்புக்குள் உலோகத் தண்டு ஆடாமல் பிடித்துக்கொள்ளும். பல சிமென்ட்களில் ஜென்டாமைசின் போன்ற ஆண்டிபயாடிக் கலந்தே வருகிறது, மருந்து அந்த இடத்திலேயே மெல்லக் கசியும். அதில் இன்னும் அதிக மருந்து கலந்தால் இன்னும் நல்லதா என்று பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 4936 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் சோதித்தார்கள், 2023-இல் முடிவு வந்தது. சாதாரண அளவில் ஆழமான தொற்று 1.7 சதவீதம், அதிக அளவில் 1.2. அந்த வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இங்கேயும் கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்ற கணக்கு எடுபடவில்லை.

இனி அந்த 625. அது அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பம்தான் தம்பி. பென்சிலினால் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று எழுதிய அதே கடிதத்தில் இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெடிக்கலில் இந்த ஒவ்வாமையைச் சொன்னீர்களா? அவர்களாவது கேட்டார்களா? இரண்டும் நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுத்ததே முறையில்லை. எத்தனையோ வருடத்துக்கு முந்தைய தடிப்பு உண்மையான ஒவ்வாமையாக இல்லாமலும் போகலாம், வயது ஆக ஆக மறைந்தும் போகலாம். ஆனால் அதை வீட்டில் மாத்திரை கொடுத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. மூச்சு முட்டினால் பாலக்கோட்டிலிருந்து 108 வருவதற்குள் என்ன செய்வீர்கள்?

அப்படியென்றால் தியேட்டரில் கொடுத்த செஃபசோலினும் ஆபத்தா என்ற கேள்வி வரும். அதுவும் தூரத்து உறவுதான், ஆனால் அதன் வேதியியல் அமைப்பில் ஒவ்வாமையைத் தூண்டும் பகுதி பென்சிலினிலிருந்து வேறுபட்டது. பழைய தடிப்பு மட்டும் இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தைரியமாகவே கொடுக்கிறோம். முகம் வீங்கி மூச்சுத் திணறியவர்கள், தோல் உரிந்தவர்கள் என்றால் வான்கோமைசின் போல வேறு மருந்துக்குப் போவோம். வான்கோமைசினை மெதுவாக, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். ஆகவே முன்கூட்டியே தெரிந்தால்தான் நேரத்துக்கு முடிக்க முடியும். ஒவ்வாமை பற்றி நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். "எத்தனை தடவைதான் கேட்பீங்க" என்று கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

மாத்திரையை வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதைவிடப் பெரிய காரணம் அந்த ஈரம். ஆபரேஷன் முடிந்து முதல் சில நாள் கட்டின் மேல் கொஞ்சம் நீர், ரத்தம் கசிவது சகஜம். நாளுக்கு நாள் குறைந்து ஐந்தாறு நாளில் காய்ந்துவிட வேண்டும். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் புதிதாக நனைகிறது என்றால் அது டாக்டர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். உள்ளே கட்டிய பழைய ரத்தம் வழிவதாக இருக்கலாம், தோலடிக் கொழுப்பு கரைவதாக இருக்கலாம், தொற்றின் ஆரம்பமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து, அதுவும் வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்து, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உள்ளே உலோகம் இருப்பதுதான் இதில் வம்பு. வெறும் தோலில் சீழ் வைக்க லட்சக்கணக்கில் கிருமி தேவைப்படும். ஒரு தையல் நூல் உள்ளே இருந்தாலே சில நூறு போதும் என்று 1957-இலேயே கண்டுபிடித்தார்கள். உலோகத்தின்மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பாறைப் பாசிபோல் வழவழப்பாக ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தப் படலம் முற்றிவிட்டால் எந்த மாத்திரையும் எந்த ஊசியும் அதை முழுதாக ஒழிக்காது. முதல் சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் திறந்து கழுவி, உலோகத்தை எடுக்காமலேயே காப்பாற்றப் பார்க்கலாம். தள்ளிப்போனால் பந்தையே கழற்ற வேண்டி வரும். அரைகுறையாக நாலு நாள் மாத்திரை கொடுத்தால் மேலே சிவப்பும் காய்ச்சலும் அடங்கும், உள்ளே படலம் வளர்ந்துகொண்டிருக்கும். அதோடு, அப்புறம் உள்ளேயிருந்து சதை எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒன்றும் வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் இருட்டில் மருந்து தேட வேண்டியிருக்கும்.

இனிமேல் வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? குறைந்துகொண்டு வந்த வலி மறுபடி கூடினால், நேற்று ஊன்றிய காலை இன்று ஊன்ற மறுத்தால், தையலைச் சுற்றிச் சூடும் சிவப்பும் பரவினால், கட்டு நனைந்தால், குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போங்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராது. சாப்பாடு வேண்டாம் என்பார்கள், குழம்பிப் பேசுவார்கள், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் பிரித்ததோடு கவலை முடிந்தது என்றும் இல்லை. சில தொற்றுகள் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். அம்மா மாட்டுக்குத் தீவனம் வைக்க வெறுங்காலோடு நடப்பவராக இருந்தால், சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் வழியாகக் கிருமி இடுப்புக்குப் போகலாம். வாரம் ஒரு தடவையாவது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

நாட்டுக் கட்டைப் பற்றித் திட்டப் போவதில்லை, நடந்தது நடந்துவிட்டது. அடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். தொடை எலும்பின் கழுத்து உடைந்தால் வெளியிலிருந்து எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. பச்சிலைப் பற்றும் இறுக்கமான துணியும் தோலில் கொப்புளம் கிளப்பிவிட்டால், ஆபரேஷன் செய்யும் இடமே கிருமிக் கூடாகிவிடும். தோல் ஆறும்வரை நாங்கள் காத்திருக்க நேரும். காத்திருக்கும் நாட்களில் படுக்கைப் புண்ணும் சளியும் சேர்ந்துகொள்ளும். முடிந்தால் விழுந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் நடப்பதே நல்லது. இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் வீட்டில் பிளேடு வைத்து மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் அங்கே கிளிப்பர் மெஷினால் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாகச் சாப்பாடு. முட்டையாலோ தயிராலோ கத்திரிக்காயாலோ சீழ் வைக்காது. பத்தியம் என்று ரசம் சோறு மட்டும் கொடுத்து மெலிய வைப்பதால்தான் காயம் ஆறாமல் கிடக்கிறது. தசையும் தோலும் ஒட்டப் புரதம் வேண்டும். தினம் இரண்டு முட்டை, கெட்டியான பருப்பு, தயிர், பச்சைப்பயறு, முடிந்தால் மீன். நம் ஊர்க் களியும் கீரைக் கடைசலும் தாராளமாகக் கொடுக்கலாம், களியின் அளவை மட்டும் சர்க்கரைக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

காயம் ஆறும்வரை ரத்தச் சர்க்கரை 180-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 200-ஐத் தாண்டித் தாண்டிப் போனால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடும், எந்த ஆண்டிபயாடிக்கும் அந்தக் குறையை ஈடுகட்டாது. அம்மாவை அடிக்கடி தூக்கிக்கொண்டு போக முடியாதென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிறவர்களிடம் சொல்லி வீட்டிலேயே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தானே, நாம் பயன்படுத்தாமல் யார் பயன்படுத்துவது.

தையல் பிரிக்கப் போகும்போது அந்த 625 அட்டையையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவின் பென்சிலின் ஒவ்வாமை டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்கேயும் எழுதப்படவில்லை, நான் இரண்டு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டேன். முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழே, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். செஃபசோலின் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அதே இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை எந்த மயக்க டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் தேடப்போவது அந்த இரண்டு வரியைத்தான்.